இராத்தலும் கிலோவும்

செமினியில் பால்மரம் வெட்டி வாழ்ந்த முதியவர் ஒருவரை அணுகி, "ஐயா, அந்நாளில் நாளொன்றுக்கு எவ்வளவு ரப்பர் எடுப்பீர்கள்?" என்று வினவிப் பாருங்கள். இராத்தலில் விடை கூறுவார். அரிசி வாங்கிய கணக்கைக் கேளுங்கள்; காந்தாங்கில் கூறுவார். மீன் வாங்கியது காத்தியில். காஜாங் எவ்வளவு தொலைவு என்றால், இத்தனை கட்டை என்பார். தோட்டத்தின் பரப்பு ஏக்கரில். மகளுக்கு இட்ட நகை பவுனில். அவர் பாட்டன் தாயகத்தில் விட்டு வந்த வயலின் விளைச்சலோ கலத்தில். மனிதர் ஒருவர், வாழ்க்கை ஒன்று, அளவைகளோ ஏழு! அவருடைய பேரனைக் கேட்டால் கிலோ, லிட்டர், மீட்டர் என்னும் மூன்று சொற்களில் முடித்துவிடுவான்.

இவ்வேறுபாட்டைப் பேச்சு வழக்கின் மாறுதல் என்று எண்ணிக் கடந்து செல்வோர் பலர். அவ்வளவில் நின்றுவிடுவது சரியன்று. ஏழு அளவைகளையும் ஒன்றோடொன்று பொருத்திக் கணக்கிட வல்லவர் யாவர்? கடைக்காரரும் கிராணியும். வல்லாதவர் யாவர்? உழைத்துக் கூலி பெற்றுப் பண்டம் வாங்கிய தொழிலாளர். கணக்கு அறிந்தவனுக்குக் கருவியாகும் அளவை, அறியாதவனுக்குத் தளையாகின்றது. அத்தளை பூண்ட வரலாற்றையும், அஃது அவிழ்ந்த வகையையும், இன்னும் அவிழாது கிடக்கும் முடிச்சுகளையும் ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண், நம் முன்னோர் விட்டு வந்த தமிழகத்தை நோக்குவோம். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, அதுவே மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். இவ்வரிசையில் ஓர் அறிவுடைமை உண்டு. எழுத்தறியாதவனும் பாதி, பாதியில் பாதி என்று கண்ணால் கண்டு பகுத்துக்கொள்ளலாம். ஆகவே, பழைய அளவைகள் அறிவற்றவை என்று இகழ்தல் நம் நோக்கமன்று. குறை வாய்ப்பாட்டில் இல்லை. மரக்காலைச் செய்த கையில் இருந்தது.

தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள், பொன் நிறுத்த கல்லுக்கு 'ஆடவல்லான்' என்றும், மணிகள் நிறுத்த கல்லுக்குத் 'தட்சிணமேரு விடங்கன்' என்றும் பெயர் கூறுகின்றன. நெல் அளந்த மரக்காலுக்கும் ஆடவல்லான் என்றே பெயர். அஃது இராசகேசரி என்னும் மரக்காலோடு ஒத்தது என்றும் அவை குறிக்கின்றன. ஒரு மரக்காலைச் சுட்டிய அளவில் நில்லாது, இன்ன மரக்காலோடு ஒத்த இன்ன மரக்கால் என்று கல்லில் வெட்டி வைக்க நேர்ந்தது ஏன்? மரக்கால் என்று சொன்ன மாத்திரத்தில், 'எந்த மரக்கால்?' என்னும் ஐயம் எழுந்தமையாலன்றோ?

அந்த ஐயம் சோழர் காலத்தோடு ஒழியவில்லை. ஆங்கிலேயர் ஆட்சியிலும் படியும் மரக்காலும் ஊருக்கு ஊர் வேறுபட்டே வழங்கின. வேறுபாடு உள்ள இடத்தில் வல்லான் வகுத்ததே வாய்க்கால். கீழ்த்தஞ்சையில் 1940களில் எழுந்த பண்ணையாள் இயக்கத்தின் கோரிக்கைகளை நோக்குமின். சாட்டையடி ஒழியவேண்டும், கூலி உயரவேண்டும் என்பவற்றோடு, முத்திரையிட்ட மரக்காலால் கூலி நெல்லை அளக்கவேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. நாளெல்லாம் சேற்றில் நின்றவனுக்கு மாலையில் அளக்கும் மரக்கால் சிறுத்திருந்தால், உயர்த்திய கூலியால் பயன் யாது? கூலியின் எண்ணைக் கேட்பதோடு, அளக்கும் கலத்தையும் கேட்கவேண்டும் என்று உணர்ந்த உழவர்களின் அறிவு போற்றத்தக்கது.

இதே குரல் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே மேல்நாட்டில் எழுந்தது. 1789இல் பிரெஞ்சு நாட்டு மக்கள் தம் குறைகளை எழுதி அரசனுக்கு விண்ணப்பித்தபோது, நாடெங்கும் ஒரே நிறை, ஒரே அளவு வேண்டும் என்பதைப் பல ஊரார் வற்புறுத்தினர். அங்கும் ஊருக்கோர் அளவு, பிரபுவுக்கோர் அளவு. குடிகள் செலுத்தும் தானியத்தைப் பிரபுவின் மரக்காலே அளந்தது. புரட்சி வெடித்தபின் அறிஞர்கள் கூடி, எந்த மன்னனுடைய கையையும் காலையும் அளவாகக் கொள்ளாது, யாவர்க்கும் பொதுவாகிய பூமியையே அளவாகக் கொள்வோம் என்று முடிவு செய்தனர். வடமுனையிலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தொலைவில் ஒரு கோடியில் ஒரு பங்கு மீட்டர் எனப்பட்டது.

நம் சாணும் முழமும் அடியும் மனித உடலிலிருந்து பிறந்தவை. பூக்கடையில் முழம் போடும் கை சிறிதாயின் பூவும் சிறிதே, 'யாருடைய முழம்?' என்று நாம் கேட்பதில்லை. பிரெஞ்சு அறிஞர் அக்கேள்வியைக் கேட்டனர். தெலாம்பர், மெசேன் என்னும் இருவர் 1792 முதல் 1798 வரை டன்கர்க் நகரிலிருந்து பார்சலோனா வரை, போரும் கலகமும் நடந்துகொண்டிருந்த நிலத்தினூடே அளந்து சென்றனர். 1795இல் சட்டம் பிறந்தது. 1799இல் பிளாட்டினத்தால் ஆன மீட்டரும் கிலோவும் ஆவணக் களரியில் வைக்கப்பட்டன.

ஆயினும், சட்டம் பிறந்த அன்றே பழக்கம் மடிவதில்லை. மக்கள் பழைய பெயர்களையே விரும்பினர். 1812இல் நெப்போலியன் பழைய பெயர்களுக்கு இடங்கொடுத்தான். 1840 சனவரி முதல் நாள்தொட்டே புதிய முறை அந்நாட்டில் முற்றும் கட்டாயமாயிற்று. இடையே கழிந்தவை 45 ஆண்டுகள். பின்னர் 1875இல் பதினேழு நாடுகள் பாரிசில் கூடி மீட்டர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. அறிவு மேன்மேலும் வளர்ந்தமையால், 1983இல் மீட்டர் ஒளியின் விரைவைக் கொண்டும், 2019இல் கிலோ இயற்கையின் மாறா எண் ஒன்றைக் கொண்டும் வரையறுக்கப்பெற்றன. இன்று கிலோவுக்கு ஆதாரம் பெட்டியில் பூட்டிய கட்டியன்று; எந்நாட்டார்க்கும் உரிய இயற்கை விதியே.

ஆங்கிலேயரோ நெடுங்காலம் தம் பழைய வழியை விடவில்லை. பன்னிரண்டு அங்குலம் ஓரடி. மூன்றடி ஒரு கெசம். 1,760 கெசம் ஒரு மைல். பதினாறு அவுன்சு ஓர் இராத்தல். 112 இராத்தல் ஓர் அந்தர். இருபது அந்தர் ஒரு டன், அஃதாவது 2,240 இராத்தல். பன்னிரண்டை இரண்டாலும் மூன்றாலும் நான்காலும் ஆறாலும் மிச்சமின்றிப் பகுக்கலாம் என்னும் நன்மை இதற்கு உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பன்னிரண்டிலிருந்து மூன்றுக்கும், மூன்றிலிருந்து 1,760க்கும் தாவும் இந்த வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்யாத பிள்ளைக்குக் கணக்கு இல்லை என்றாயிற்று. தோட்டத்துப் பள்ளியில் சில ஆண்டுகளே பயின்று வேலைக்குப் போன பிள்ளைக்கு அஃது எங்ஙனம் கைவரும்?

இனி மலாயாவுக்கு வருவோம். இந்நாட்டில் மலாய்க்காரரும் சீனரும் வழங்கிய அளவைகள் வேறு. பதினாறு தாகில் ஒரு காத்தி; நூறு காத்தி ஒரு பிக்குல். முகத்தல் அளவையில் நான்கு சூப்பாக் ஒரு காந்தாங். ஆங்கில ஆட்சியினர் இவற்றை ஒழிக்கவில்லை. தம் அளவையோடு முடிச்சுப் போட்டனர். காந்தாங் ஒரு கேலன் ஆயிற்று. காத்தியோ ஒன்றும் மூன்றிலொரு பங்குமான இராத்தல். பிக்குல் 133⅓ இராத்தல். அந்த மூன்றிலொரு பங்கைச் சற்றே எண்ணிப் பாருங்கள். 25 காத்தி எத்தனை இராத்தல்? முப்பத்து மூன்று இராத்தலும், ஐந்து அவுன்சும், அதற்குமேல் அவுன்சில் மூன்றிலொரு பங்கும்! கூலியை இராத்தலில் ஈட்டி, பண்டத்தைக் காத்தியில் வாங்கியவன், தன் உழைப்பு எத்தனை உணவாயிற்று என்பதை எந்நாளில் கணக்கிடுவான்?

செமினிக்கு வடக்கே, காஜாங்கில், கிண்டர்சிலி உடன்பிறந்தார் தம் இஞ்ச் கென்னத் தோட்டத்தில் 1895ஆம் ஆண்டளவில் ரப்பர் நட்டனர். நாட்டிலேயே வாணிக நோக்கத்தோடு நடப்பெற்ற முதல் ரப்பர் மரங்களுள் அவை சேர்ந்தவை. உலு லங்காட் வட்டாரமெங்கும் பின்னர்ப் பரவிய அப்பயிரோடு ஆங்கில அளவையும் பரவிற்று. நிலம் ஏக்கர், மரத்துக்கு மரம் இடைவெளி அடி, பால் கேலன், காய்ந்த ரப்பர் இராத்தல், கப்பலேறுவது டன். இலண்டன் சந்தையில் விலை இராத்தலுக்கு இத்தனை பென்சு; சிங்கப்பூரில் இராத்தலுக்கு இத்தனை காசு.

விடியுமுன் பெரட்டில் பெயர் கொடுத்து, நிரையில் மரம் வெட்டி, காண்டாக் கம்பில் இரு வாளிகளைத் தூக்கி, தொழிலாளி ஸ்டோருக்கு வருகிறான். பால் நிறுக்கப்படுகிறது. ஆயினும் பாலின் எடை ரப்பரின் எடையன்று, பெரும்பகுதி நீர். பாலில் ரப்பர் எவ்வளவு என்று காண மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியை இடுவர். ஒரு கேலன் பாலில் இத்தனை இராத்தல் ரப்பர் என்று அது காட்டும். கேலன் நீரின் எடை பத்து இராத்தல். ஆதலின், கருவி மூன்று காட்டினால் நூற்றுக்கு ஏறத்தாழ முப்பது பங்கு ரப்பர் என்க. இக்கணக்கு கற்றவனுக்கு எளிது. வாளியைச் சுமந்தவனோ கருவியின் கோட்டைப் படித்ததில்லை. பால் எவ்வளவு என்பது அவன் தோளுக்குத் தெரியும். ரப்பர் எவ்வளவு என்பது கிராணியின் ஏட்டுக்கே தெரியும்.

கிராணிமார் எல்லாரும் வஞ்சகர் என்று நாம் கூறவில்லை. நேர்மையாளர் பலர் இருந்தனர். ஆனால், நேர்மையான கிராணி வாய்த்தால் நிறைந்த கூலி, வாய்க்காவிடில் குறைந்த கூலி என்னும் நிலையை நீதி என்று அழைக்கலாமா? தன் உழைப்பின் அளவைத் தானே சரிபார்க்க இயலாதவன் பிறர் நற்குணத்தை நம்பி வாழ்கின்றான். அவனுக்குக் கிடைப்பது உரிமையன்று; தயவு.

அளவு இரட்டையாய் இருந்தது தராசில் மட்டுமோ? 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். தமிழருக்கும் சீனருக்கும் ஒத்த கூலி வேண்டும் என்பதும், துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழியவேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் அடங்கும். ஒரே வேலைக்கு ஆளுக்கோர் அளவு கூடாது என்பதே முதலதன் பொருள். மனிதருக்கு மனிதர் மதிப்பில் இரண்டு அளவு கூடாது என்பதே மற்றதன் பொருள். முத்திரை மரக்கால் கேட்ட தஞ்சை உழவரும், ஒத்த கூலி கேட்ட கிள்ளான் தொழிலாளரும் ஒருவரையொருவர் கண்டவரல்லர். கேட்டதோ ஒன்றே.

நாடு 1957இல் விடுதலை பெற்றது. அதற்கு முந்திய ஆண்டில் இந்தியா தசாம்ச அளவைக்குச் சட்டம் செய்தது. 1958 அக்டோபர் முதல் படிப்படியாக வீசையும் படியும் விலகி, கிலோவும் லிட்டரும் வந்தன. பிரிட்டன் 1965இல் தானும் மாறப்போவதாக அறிவித்தது. இராத்தலின் தாய்வீடே இராத்தலைக் கைவிட எண்ணியபின், அதைக் கட்டிக் காக்க நமக்கு என்ன கடமை? மலேசியா 1972இல் நிறுத்தல் முகத்தல் அளவைச் சட்டத்தை இயற்றிற்று. அடுத்த பத்தாண்டுகளில் மாற்றம் சிறுகச் சிறுக நிகழ்ந்தது. சந்தைத் தராசில் கிலோ ஏறியது. எண்ணெய் நிலையத்தில் கேலன் போய் லிட்டர் வந்தது. சாலையில் மைற்கல் போய்க் கிலோமீட்டர்க் கல் நின்றது. ரப்பரின் விலையும் கிலோவுக்கு இத்தனை காசு என்றாயிற்று.

புதிய முறையின் சிறப்பைப் பத்து என்னும் எண்ணில் காண்பர் சிலர். அஃதும் உண்மையே. 2.375 கிலோ என்றால் 2,375 கிராம். புள்ளியை நகர்த்தத் தெரிந்தால் போதும். நாம் காணும் சிறப்பு வேறொன்று. மீன்கடையிலும், ஸ்டோரிலும், மருந்தகத்திலும், பள்ளிப் பாடத்திலும் அளவை ஒன்றே ஆயிற்று. பள்ளியில் பிள்ளை கற்ற கணக்கு அன்று மாலையே தாய்க்குக் கடையில் பயன்படும். தந்தைக்குச் சம்பளச் சீட்டில் பயன்படும். கிராணியின் தனியறிவு வீட்டின் பொதுவறிவாயிற்று. இதுவே தளை அவிழ்ந்த வகை.

எனினும், அளவை மாறும் காலம் ஏமாற்றத்துக்கும் வாய்ப்பான காலம் என்பதை மறக்கலாகாது. காத்தி ஒன்று ஏறத்தாழ 605 கிராம். காத்தி 60 காசுக்கு விற்ற பண்டத்தை, 'அரைக்கிலோவும் காத்தியும் ஏறக்குறைய ஒன்றே' என்று கூறி அதே 60 காசுக்கு ஒருவன் விற்றால் என்னாகும்? வாங்குவோன் 105 கிராம் இழக்கிறான். ஆறில் ஒரு பங்குக்கும் மிகுதி. அரைக்கிலோவின் நேர்விலை 50 காசுக்கும் சற்றுக் குறைவே.

கூலியையும் அவ்வாறே நோக்குக. பேச்சுக்காக, இராத்தலுக்கு 3 காசு கூலி என்று கொள்வோம். கிலோ என்பது 2.2046 இராத்தல், ஆகவே கிலோவுக்கு 6.61 காசு வரவேண்டும். 'சில்லறை எதற்கு? ஆறரை ஆகட்டும்' என்று முடித்தால், திங்களுக்கு 500 கிலோ எடுப்பவன் 50 காசுக்குமேல் இழப்பான். அற்பம் என்பீர்கள். நூறு பேர் உள்ள தோட்டத்தில் ஓராண்டுக்கு அஃது அறுநூறு வெள்ளிக்கு மேற்படும். சில்லறையை யார் பக்கம் தள்ளுவது என்பதில்தான் நீதியும் அநீதியும் பிரிகின்றன. பெருங்கொள்ளையைக் கண்டு கூவுவோர் பலர். புள்ளிக்குப் பின்னால் நிகழும் கொள்ளையைக் காண்போர் சிலர்.

இரண்டு அளவைகள் கலந்து நின்றால் கற்றோரும் இடறுவர். 1983இல் கனடா நாட்டில், அப்போதுதான் அந்நாடு புதிய முறைக்கு மாறிக்கொண்டிருந்த நிலையில், பயணிகளை ஏற்றிய வானூர்தி ஒன்றில் எரிபொருளைக் கிலோவாகக் கணக்கிடவேண்டிய இடத்தில் இராத்தலுக்குரிய எண்ணைப் பெருக்கிவிட்டனர். வேண்டியதில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு எழும்பிய ஊர்தி நடுவானில் இயந்திரம் நின்றுபோக, கிம்லி என்னும் பழைய விமானத்தளத்தில் சறுக்கி இறங்கியது. ஓட்டியின் திறமையால் உயிர்கள் தப்பின. பயிற்சி பெற்ற பொறியாளருக்கே இந்நிலை எனின், மளிகைக்கடையில் நின்ற நம் பாட்டிமார் ஏமாந்ததில் வியப்பென்ன?

இனி, இன்னும் அவிழாத முடிச்சுகளைக் காண்போம். 2017இல் காஜாங் வரை நீட்டித்துத் திறக்கப்பெற்ற தொடருந்துத் தடத்தில் 'பத்து 11 செராஸ்' என்றொரு நிலையம் உண்டு. பதினோராம் கட்டை என்பதே அப்பெயரின் பொருள். அவ்விடத்தில் மைல் அளவை போய்விட்டது, பெயர் நிற்கின்றது. இதனால் தீங்கில்லை, பழமையின் நினைவாக நிற்கட்டும். பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் நகைக்கடைக்குச் செல்லும் நம்மவர், கடைக்காரர் கிராமில் நிறுப்பதைப் பவுனாக மாற்றிப் பேசுகின்றனர். பவுன் எட்டுக் கிராம் என்று அறிந்து பேசின் அதிலும் தீங்கில்லை.

தீங்கு வரக்கூடிய இடம் நிலமும் வீடும். செமினியைச் சூழ்ந்த தோட்டங்கள் பலவற்றின் இடத்தில் இன்று வீடமைப்புகள் எழுந்துள்ளன. இராத்தலில் ஈட்டியவரின் மக்கள் இங்குச் சதுர அடியில் வீடு வாங்குகின்றனர். விளம்பரத்தில் இருபதுக்கு எழுபது அடி. பத்திரத்திலோ சதுர மீட்டர். 1,400 சதுர அடி என்பது ஏறத்தாழ 130 சதுர மீட்டர் என்பதைப் பெருக்கிப் பாராமல் கையொப்பமிடுவோர் எத்தனை பேர்? ஒரு சதுர மீட்டருக்கு 10.76 சதுர அடி என்னும் ஒரு சிறு கணக்கு, வாழ்நாள் கடன் ஏற்பவனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? ஏக்கர் என்று பேசி எக்டேர் என்று எழுதும் இடங்களிலும் இதுவே நிலை; ஓர் எக்டேர் ஏறத்தாழ இரண்டரை ஏக்கர்.

எனவே அன்பர்களே, அளவை மாறிவிட்டது. இனி நமக்கு வேலையில்லை என்று இருந்துவிடலாகாது. நல்ல அளவை நீதிக்கு வழி திறக்கும். அவ்வழியே நடப்பது நம் கடன். தராசில் அரசின் முத்திரை உண்டா என்று பார்த்தல். நிறுக்குமுன் முள் சுழியில் நிற்கிறதா என்று நோக்குதல். சம்பளச் சீட்டையும் விற்பனைப் பத்திரத்தையும் வீட்டுப் பிள்ளையைக்கொண்டு கணக்கிட்டுப் பார்த்தல். இவை பெரிய காரியங்களல்ல. வள்ளுவர் நடுவுநிலைமையை விளக்கத் தேடியெடுத்த உவமை துலாக்கோலே. அக்கோல் ஒருபால் சாயாமல் நிற்கிறதா என்று பார்க்க, நிறுப்பவன் கண் ஒன்று போதாது. பெறுபவன் கண்ணும் வேண்டும்.

செமினி முதியவரின் ஏழு அளவைகளையும் எழுதி வையுங்கள். அவை நம் குடியின் வரலாறு. அவருடைய பேரனோ தராசின் முன் நிற்கும்போது, எண்ணைத் தானே படித்து, தானே பெருக்கி, பிழை கண்டால் 'ஐயா, இது குறைகின்றது' என்று அஞ்சாது கூறட்டும். பாட்டன் மனத்திலேயே அடக்கி வைத்த சொல் அது.